மாமியாருக்கு அளவெடுத்த மட்டைகள்

மிட்யானா தேயிலைத் தோட்டம்,
4 மார்ச் 1997

மாப்பிள்ளை லுட்டாயாவுக்கு,

நான் நலம். நீங்களும் என் மகள் நகிண்டுவும் நலம் என்று டாக்ஸிக்காரன் சொன்னான்.

நான் மகளிடம் சொல்லியனுப்பியதற்கு நீங்களும் மகளிடமே ‘முடியாது’ என்று சொல்லியனுப்பிவிட்டீர்கள். அது எனக்குப் போதாது. மறுப்பதென்றால் தாளில் எழுதி மறுங்கள். மருமகனும் மாமியாரும் ஒரே அறையில் உட்காரக் கூடாது, கை படக் கூடாது, ஒரே பாயில் குந்தக் கூடாது, எல்லாம் எனக்கும் தெரியும். கடிதம் எழுதக் கூடாது என்று எந்த மூதாதையும் சொல்லிவைக்கவில்லை. அவர்களுக்கு எழுதத் தெரியாது.

விஷயத்துக்கு வருகிறேன். மே பதினேழு, பதினெட்டில் ஏரியோரத் திடலில் பெண்களுக்கான கோல்ஃப் தேர்வு. முதல் நான்கு பேர் ஜூலையில் நைரோபி போய்க் கென்யாக்காரிகளோடு மோதுவார்கள். எங்கள் தோட்ட மேலாளர் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். பத்தொன்பது வருடமாக இந்தத் தோட்டத்துக் கோல்ஃப் திடலில் குழிகளைச் சுற்றி எண்ணெய் கலந்த மணலைப் பெருக்கிச் சமன் செய்கிறவள் நான். எல்லோரும் வீட்டுக்குப் போனபின் அடிக்கிறவளும் நான்தான். மேலாளர் வருடக் கடைசியில் ஊருக்குப் போகிறார். அடுத்து வருகிறவர் பெருக்குகிறவளுக்குக் கையெழுத்துப் போடுவார் என்று எனக்கு நம்பிக்கையில்லை. எனக்கும் நாற்பத்தாறு வயது. ஆகவே இந்த ஒரு தடவைதான்.

என்னிடம் இருப்பது யாரோ ஒரு அம்மாள் விட்டுப்போன பெண்கள் மட்டைகள். தண்டு வெறும் வாழைத்தண்டு. நான் நன்றாகக் குனிந்து அடிக்கிறவள். மட்டையின் தலை, தண்டுப் பக்கத்துக் குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நுனி மூக்கைத் தூக்குகிறது. பந்து இடப்பக்கம் ஓடுகிறது. வலப்பக்கத்து மரத்தைப் பார்த்து அடித்தால்தான் நேராகப் போகிறது.

ஆளுக்கேற்ற மாதிரி மட்டையை வளைத்துத் தருவதில் கம்பாலாவிலேயே உங்கள் கைதான் கை என்கிறார்கள். அந்தக் கை என் மகளைக் கட்டிக்கொண்டது என் தலையெழுத்து. செய்து தருவீர்களா, மாட்டீர்களா?

நக்காஸி

கட்வே, கம்பாலா,
11 மார்ச் 1997

மரியாதைக்குரிய அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் பட்டறை வாசலில் நின்றபடியே படித்தேன். உட்கார்ந்து படிக்கத் துணிவு வரவில்லை.

ஆளைப் பார்க்காமல் அளவெடுக்க எனக்குத் தெரியாது. மணிக்கட்டைப் பிடித்துத் தரையிலிருந்து அதன் உயரத்தை அளக்க வேண்டும். பின்னால் ஒரு தடவை, பக்கத்தில் ஒரு தடவை நின்று வீச்சைப் பார்க்க வேண்டும். அத்தையின் மணிக்கட்டை நான் பிடிப்பதா? எழுதும்போதே வியர்க்கிறது. மட்டையின் பிடியைச் சுற்றி ஒட்டுகிறவன் நான். அதையே நீங்கள் பிடிப்பீர்கள். அதுவும் கை பட்டதாகுமா என்று என் அண்ணனைக் கேட்டேன். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். முறை தவறினால் ஒபுக்கோ வரும், கை கால் நடுங்கும் என்று சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள். எங்கள் தெருவில் அப்படி நடுங்குகிற ஒருவர் இருக்கிறார். மருமகளைத் தொட்டார் என்கிறார்கள். உண்மையோ பொய்யோ, எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்று, கோபிக்கக் கூடாது. தேர்வுக் குழுத் தலைவி தும்வைனே அம்மாள் போன வாரம் பட்டறைக்கு வந்திருந்தார். “மிட்யானால ஒருத்தி இருக்காளாமே, மண்வெட்டி புடிச்ச மாதிரியே அடிக்கிறாளாம். பந்தடிக்க வர்றாளா, கெழங்கு நட வர்றாளா?” என்று கேட்டுச் சிரித்தார். உங்களுக்கு நான் என்ன உறவு என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

இங்கே ஒரு நல்ல பயிற்சியாளர் இருக்கிறார். இரண்டு மாதத்தில் வீச்சை நேராக்கிவிடுவார். அதன்பின் கடையிலிருக்கும் எந்த மட்டையும் உங்களுக்குப் பொருந்தும்.

தங்கள் மருமகன்,
லுட்டாயா

பின்குறிப்பு: இதைப் படித்துவிட்டு நகிண்டு, “எங்கம்மாவுக்கு இதையா எழுதுவீங்க? வாயக் குடுத்து வாங்கிக் கட்டிக்கப் போறீங்க” என்கிறாள்.

மிட்யானா,
15 மார்ச் 1997

மாப்பிள்ளைக்கு,

மகள் சொன்னது சரி. வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

மண்வெட்டி பிடித்த மாதிரிதான் அடிக்கிறேன். ஏழு வயதில் பிடித்தேன், இன்று காலையிலும் பிடித்தேன். கிழங்கும் பீன்ஸும் வாழையும் நட்டு உங்கள் மனைவியை வளர்த்ததே அந்த வீச்சுதான். அது என் எலும்புக்குள் இருக்கிறது. உங்கள் பயிற்சியாளர் இரண்டு மாதத்தில் எதை நேராக்குவார்? என் இடுப்பையா, நாற்பது வருடத்தையா? ஒன்றை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மேலாளர் ஆறடி உயரம். அவர் ஆறாம் நம்பர் மட்டையால் அடிக்கும் தூரத்தை, அதைவிடக் குறைவாகப் போகும் ஏழாம் நம்பராலேயே நான் அடிக்கிறேன்.

தும்வைனே அம்மாள் சிரித்தது எனக்குப் பெரிதில்லை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நீங்கள் வாயை மூடிக்கொண்டு நின்றீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. ‘அது எங்க அத்தை’ என்று சொன்னால் வாய் புண்ணாகிவிடுமா? முறை முறை என்று இவ்வளவு பேசுகிறீர்களே, மாமியாரைக் கேலி செய்யும்போது கேட்டுக்கொண்டு நிற்பது எந்த முறையில் வருகிறது?

பிடியை ஒட்டினால் கை பட்டதாகுமா என்று உங்கள் அண்ணனைக் கேட்டீர்களாம். ஒட்டியதும் நகிண்டுவிடம் கொடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். சந்தையையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் தொட்டுப் பார்த்து வைத்த தக்காளியை நான் ஒருநாளும் வாங்கியிருக்க மாட்டேனா? எனக்குக் கையும் நடுங்கவில்லை, காலும் நடுங்கவில்லை.

நான் வளைய மாட்டேன். இரும்பை வளையுங்கள், அதற்கு வலிக்காது. அளவை நானே எடுத்து அனுப்புகிறேன். எப்படி என்று மட்டும் எழுதுங்கள்.

நக்காஸி

கட்வே,
22 மார்ச் 1997

மரியாதைக்குரிய அத்தைக்கு,

நேற்று தும்வைனே அம்மாள் வந்தார். சொல்லிவிட்டேன். “அம்மா, மிட்யானாவுல இருக்கிறது என் மாமியார். அவங்களுக்கு நான்தான் மட்டை செய்யப்போறேன்” என்றேன். அவர் சரிசெய்யக் கொடுத்திருந்த இரண்டு மட்டைகளையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகட்டும். இரண்டு வாரத்துக்குப் பிறகு எனக்கு நேற்று இரவுதான் நல்ல தூக்கம்.

இத்துடன் ஒரு ஏழாம் நம்பர் மட்டையும் ஒரு பலகையும் வருகின்றன. மட்டையின் அடியில் வெள்ளை ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கிறேன். பலகைமேல் பந்தை வைத்து அடியுங்கள். அடி உரசும் இடத்தில் தாள் கிழியும். மூக்குப் பக்கம் கிழிந்தால் தலையை நிமிர்த்த வேண்டும், குதிகால் பக்கம் கிழிந்தால் படுக்கவைக்க வேண்டும். பிறகு நேராக நின்று, மணிக்கட்டிலிருந்து தரைவரை நூல் பிடித்து முடிச்சுப் போட்டு அனுப்புங்கள். தினம் எப்படி அடிப்பீர்களோ அப்படியே அடியுங்கள். கிடைத்திருக்கும் தலைகள் அடித்துச் செய்த பழைய இரும்பு. ஒரு தடவை வளையும். இரண்டாம் தடவைக்கு உத்தரவாதமில்லை.

லுட்டாயா

மிட்யானா,
29 மார்ச் 1997

மாப்பிள்ளைக்கு,

அளவு அனுப்பியிருக்கிறேன். எல்லாம் முறைப்படி, மரியாதையாகச் செய்தேன். என் நாத்தனார் பாபிர்யே பக்கத்தில் நின்று பார்த்து, ஒரு குறையும் சொல்ல முடியாது என்றாள். அவள் குறை சொல்லாதது இதுவே முதல் தடவை. ஏழு பந்து அடித்தேன். தாள் மூக்குப் பக்கம் கிழிந்திருக்கிறது.

தும்வைனே அம்மாளிடம் வாயைத் திறந்ததற்காக ஒரு வாழைக்குலை அனுப்புகிறேன். நகிண்டுவை நிலக்கடலைக் குழம்போடு சமைக்கச் சொல்லுங்கள்.

நக்காஸி

மிட்யானா,
26 ஏப்ரல் 1997

மாப்பிள்ளைக்கு,

மட்டைகள் வந்தன. பார்க்க அழகு. ராணிக்குக் கொடுக்கலாம், எனக்கு ஆகாது.

நாற்பது பந்து அடித்தேன். முப்பத்தைந்து இடப்பக்கம் தேயிலைக்குள் போய்விட்டன. கொழுந்து பறிக்கிறவர்கள் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, “நக்காஸி, எங்கமேல என்னடி கோவம் ஒனக்கு?” என்று கத்துகிறார்கள். பழைய மட்டை மூக்கை ஒரு விரல் தூக்கியது என்றால் இது இரண்டு விரல் தூக்குகிறது. தண்டு வேறு நீளமாகி வயிற்றில் இடிக்கிறது. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கிறது. ‘முடியாது’ என்று முதலில் சொன்னதை இப்படிச் செய்து காட்டுகிறீர்களா?

நக்காஸி

கட்வே,
29 ஏப்ரல் 1997

மரியாதைக்குரிய அத்தைக்கு,

எனக்கும் கோபம் வரும், அத்தை. பதினான்கு வருடமாக இந்த வேலை செய்கிறேன். ஒட்டுத்தாள் பொய் சொல்லாது. மூக்கு தூக்குகிறது என்று முதல் கடிதத்தில் நீங்கள் எழுதியிருந்தீர்கள். தாள் நேர்மாறாகச் சொன்னது. ஆள் தன்னைப் பற்றிச் சொல்வதைவிடத் தாள் சொல்வதைத்தான் நாங்கள் நம்புவோம். நூலும் அதையே சொன்னது. அந்த அளவைப் பார்த்தால் நீங்கள் விறைத்து நிமிர்ந்து அடிக்கிறவர். அந்த ஆளுக்கு இந்த மட்டைகள் கச்சிதம்.

நகிண்டு என் தோளுக்குப் பின்னாலிருந்து கேட்கிறாள்: “அம்மா அன்னைக்கு என்ன உடுத்தியிருந்தாங்கன்னு கேளுங்க.”

எனக்குக் கேட்க வாய் வரவில்லை. அவள் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

லுட்டாயா

மிட்யானா,
2 மே 1997

மாப்பிள்ளைக்கு,

புசூட்டி உடுத்தியிருந்தேன்.

சிரித்து முடித்துவிட்டீர்களா? மருமகன் கையில் போய்ச் சேரப்போகிற தாள் அது. உங்கள் பார்வைக்கு வரப்போகிற ஒன்றைச் நான் தினம் மாட்டிக்கொண்டு அடிக்கிற, செத்துப்போன என் வீட்டுக்காரரின் கிழிந்த கால்சட்டையோடு எப்படிச் செய்வது? கல்யாணத்துக்கு உடுத்திய, தரைவரை வரும் புசூட்டியை எடுத்து, கச்சையை நாத்தனார் இறுக்கிக் கட்டிவிட, காலில் செருப்பு மாட்டி, நிமிர்ந்து நின்று அடித்தேன். அந்தக் கச்சையோடு எவளாலும் குனிய முடியாது. அடிக்கும்போதே இது என் வீச்சில்லை என்று தெரிந்தது. மரியாதைக்காகக் கொஞ்சம் நட்டமானால் பரவாயில்லை என்று நினைத்தேன். தப்பு என்னுடையது. ஒரு தடவைதான் சொல்வேன், திரும்பக் கேட்காதீர்கள்.

இப்போது கால்சட்டையும் வெறுங்காலுமாக அடித்த தாளை அனுப்புகிறேன். குதிகால் பக்கம் கந்தலாகிவிட்டது. நூலும் புதிது. மட்டைகளும் இதே டாக்ஸியில் வருகின்றன. வளையுங்கள். உடைந்தால் உடையட்டும்.

நக்காஸி

கட்வே,
10 மே 1997

மரியாதைக்குரிய அத்தைக்கு,

மட்டைகள் நகிண்டுவோடு வருகின்றன. தண்டுகளை வெட்டிவிட்டேன். தலைகளைப் படுக்கவைத்துவிட்டேன். ஐந்தாம் நம்பர் கழுத்தில் விட்டுப்போனது. அதற்கு மாற்று கிடைக்கவில்லை, அதில்லாமல்தான் ஆட வேண்டும். மண்ணைக் கொத்தி எடுக்கிற வீச்சு உங்களுடையது. அதனால் தலைகளின் அடிப்பாகத்து முன்விளிம்பைத் தேய்த்து மழுக்கியிருக்கிறேன், மண்ணுக்குள் புதையாது.

ஒன்றை மறைக்க முடியவில்லை. திங்கட்கிழமை நான் மிட்யானா வந்திருந்தேன். தாளை நம்பி ஒருமுறை ஏமாந்தவன், இரண்டாம் முறை கண்ணால் பார்க்காமல் இரும்பில் கைவைக்க மனம் வரவில்லை. யூகலிப்டஸ் மரங்களுக்குப் பின்னால் நின்றேன். இருநூறு தப்படி இருக்கும், எண்ணிக்கொண்டுதான் நின்றேன். பழைய மட்டையால் நீங்கள் ஒன்பது பந்து அடித்தீர்கள். அத்தை, இவ்வளவு வருடத்தில் அப்படி ஒரு வீச்சை நான் பார்த்ததில்லை. ஒன்பதும் ஒரே வீச்சு, ஒரு மயிரிழை மாறவில்லை. அதைப் போய் நேராக்கச் சொன்னேனே என்று வெட்கமாக இருந்தது. அழுதேன். எழுதலாம்தானே, எழுதிவிட்டேன்.

பிறகு மணல் பக்கம் போனீர்கள். குழியருகே உருட்டக் குனிந்தபோது உங்கள் வலது கை நடுங்கியது. மட்டையின் தலை ஆடியது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

புதன்கிழமை உங்கள் நாத்தனார் பட்டறைக்கே வந்துவிட்டார். “நீ புடிச்ச புடிய அவ புடிச்சா, இப்ப கை நடுங்குது. ஒபுக்கோ இல்லாம வேற என்னவாம்? குடும்பத்த நாசமாக்கிட்டு இரும்பத் தட்டிக்கிட்டு உக்காந்திருக்கியா?” என்று தெருவே கூடும்படி கத்தினார். மரத்துக்குப் பின்னால் நான் நின்றதும் சேர்ந்துதான் இப்படியோ என்னவோ. நகிண்டு பிடிவாதமாக எடுத்து வருகிறாள், ஆனால் அந்த மட்டைகளைத் தொடாதீர்கள், அத்தை. என்னால் உங்களுக்கு ஒன்று ஆனால் நகிண்டு முகத்தில் நான் விழிக்க முடியாது. தேர்வுக்குப் போகவே வேண்டாம்.

லுட்டாயா

மிட்யானா,
13 மே 1997

மாப்பிள்ளைக்கு,

மரத்துக்குப் பின்னால் நீங்கள் நின்றது எனக்குத் தெரியும். உங்கள் மஞ்சள் சட்டை தோட்டம் முழுக்கத் தெரிந்தது. ஒன்பது பந்தும் ஏன் அப்படிப் போயின என்று நினைத்தீர்கள்? இவன் கண்ணால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றுதான் அடித்தேன்.

கை நடுக்கம் உங்களால் வரவில்லை. போன வருட மழைக்காலத்திலேயே தொடங்கிவிட்டது, யாரிடமும் சொல்லவில்லை; நடுங்கவில்லை என்று உங்களுக்கு எழுதியதும் பொய்தான். உங்கள் மட்டை அப்போது என் பக்கமே வரவில்லை. என் அம்மாவுக்கும் இந்த வயதில் கை நடுங்கியது. அவள் மருமகன் முகத்தையே பார்த்ததில்லை. நான்தான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேனே! நாத்தனாரிடம் இதைச் சொன்னேன். அந்த மருமகன் அவளுடைய சொந்த அண்ணன். கிழங்கு உரிக்கப் போய்விட்டாள்.

முறையை நான் விடவில்லை, விடவும் மாட்டேன். உங்கள் கையிலிருந்து நேராக எதையும் வாங்க மாட்டேன், ஒரே வண்டியில் வர மாட்டேன். ஆனால் முறையைக் காட்டி என்னை வீட்டில் உட்காரவைக்க யாராலும் ஆகாது. உங்களாலும்தான். சனிக்கிழமை அடிக்கப்போகிறேன்.

நக்காஸி

மிட்யானா,
20 மே 1997

மாப்பிள்ளைக்கு,

நகிண்டு பாதியைச் சொல்லியிருப்பாள். மீதி இதில் இருக்கிறது.

திடலில் எல்லோருக்கும் முழங்காலிட்டு வணக்கம் சொன்னேன், நம் வீட்டில் சொல்கிற மாதிரியே. அதைப் பயம் என்று நினைத்துக்கொண்டார்கள். எழுந்து முதல் பந்தை அடித்தேன். பிறகு அங்கே யாரும் கிழங்கு பற்றிப் பேசவில்லை. மட்டைகள் என் கையிலிருந்தே முளைத்த மாதிரி இருந்தன. மரத்தைப் பார்த்து அடிக்க வேண்டியிருக்கவில்லை. கொடியைப் பார்த்தேன், பந்து கொடிக்குப் போனது. நாற்பத்தாறு வயதில் எனக்கு அது முதல் தடவை. சந்தோஷத்தில் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன்.

குழியருகேதான் நாசம். புல்தரை பழக்கமில்லை, கையும் நடுங்கியது. தூர அடிகளில் மிச்சம் பிடித்ததையெல்லாம் குழியருகே உருட்டி உருட்டித் தொலைத்தேன். ஞாயிறு கடைசிக் குழியில் ஒரு முழத்துப் பந்தைத் தவறவிட்டேன். அது விழுந்திருந்தால் நான்காம் இடம் எனக்குத்தான். அகெல்லோ என்ற டாக்டரம்மாவும் நானும் சமமாக நின்றோம். இன்னொரு குழி ஆடித் தீர்க்க வேண்டியதாயிற்று.

அப்போது தும்வைனே அம்மாள் வந்து என் பையிலிருந்து ஏழாம் நம்பரை உருவினார். “இது என்ன, வண்டி ஏறின மாதிரி இருக்கு? இத வச்சு ஆடறதுக்கு விதியில எடமிருக்கா?” என்றார். விதி பார்க்கும் பெரியவர் சாய்வையும் நீளத்தையும் அளந்து பார்த்துவிட்டு, “சரியாத்தான் இருக்கும்மா” என்றார். அம்மாளுக்கு ஆறவில்லை. ஒரு பந்தைக் கீழே போட்டுத் தானே அடித்துப் பார்த்தார். நல்ல உயரமான மனுஷி. பந்து வலப்பக்கம் ஏரி நாணலுக்குள் போய் விழுந்தது.

“இதால எவளாவது அடிப்பாளா?” என்றார்.

“நீங்க அடிக்க வேணாம்மா. அது எனக்கு அளவெடுத்தது” என்றேன். “செஞ்சது எங்க மாப்பிள்ள. கட்வேல பட்டறை. ஒங்களுக்கும் வேணும்னா சொல்லுங்க, அளவெடுப்பாரு.”

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். “விடுங்கக்கா, அவ மட்டையால அவ அடிக்கட்டும், என் மட்டையால நான் அடிக்கிறேன்” என்றார். நல்ல பெண். தோற்றால் இவளிடம் தோற்கலாம் என்று அப்போது நினைத்தேன்.

தோற்கவில்லை. நூற்று நாற்பது கெஜம். டாக்டரம்மாவின் பந்து குழிக்கு நான்கு தப்படியில் நின்றது. நான் ஏழாம் நம்பரை எடுத்தேன். குனிந்தேன், கொத்தினேன். பந்து ஒரு சாணில் நின்றது. அவர் உருட்டியது விளிம்பைத் தொட்டு விலகிவிட்டது. என் கை நடுங்கியது. நடுங்கிக்கொண்டேதான் உருட்டினேன். விழுந்தது.

தூரத்தில் மரத்தடியில் உங்கள் முதுகு தெரிந்தது. மாமியார் நடந்து வரும்போது திரும்பிக்கொள்வது முறைதான். அடிக்கும்போது மட்டும் பார்த்தீர்களாம், நகிண்டு சொன்னாள். அது போதும்.

இனி வேலை. நைரோபிக்கு இன்னும் சில வாரம்தான். எனக்கு உருட்டும் மட்டை ஒன்று வேண்டும். நடுக்கத்துக்கு மருந்து வாங்கி அனுப்பாதீர்கள். நாத்தனார் சொல்லும் சடங்குக்கும் ஏற்பாடு செய்யாதீர்கள். இந்தக் கை நடுங்கும், இனி அப்படித்தான். கனமாகச் செய்வீர்களோ, பிடியைப் பருமனாக்குவீர்களோ, அது உங்கள் பாடு. நடுங்குகிற கைக்குப் பொருந்த வேண்டும்.

கை எவ்வளவு நடுங்குகிறது என்று நீங்கள் பிடித்துப் பார்க்க முடியாது. அதனால் என் பெயருக்குக் கீழே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, பேனாவை எடுக்காமல் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். நேராக இழுக்க முயற்சி செய்யவில்லை. அளந்துகொள்ளுங்கள்.

நக்காஸி